சந்தனத்துக்குக் கீழே

செப்டம்பர் 2, திங்கள்

படிவ மாதம் வந்துவிட்டது. இனி தீபாவளி வரை எனக்குத் தலைவலிதான்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை செய்வது போனுக்குள் இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகைகள். அதற்குச் சாமான் தருகிற நூற்று நாற்பத்து மூன்று பேரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கள் வெள்ளீயம், தங்கம், இன்ன பிற, எந்த உருக்காலையிலிருந்து வந்தது? சில நாடுகளில் சுரங்கத்தைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டு ஊராரை அடித்து வேலை வாங்குகிறார்களாம். அந்தக் கல் நம் போனுக்குள் வரக்கூடாது என்பதற்காக இந்தப் படிவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிலைப் பார்க்க வேண்டுமே! போன வருடம் ஒரு புண்ணியவான் 'தாது எடுக்கப்பட்ட நாடு' என்ற இடத்தில் 'ராயபுரம்' என்று எழுதியிருந்தார்.

முக்கால்வாசிப் பேர் பழைய படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரியும். அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

வடிவு சால்டர்ஸ் படிவத்தை மட்டும் நானே தயார் செய்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை.

செப்டம்பர் 3, செவ்வாய்

சிலிண்டர் புக் செய்தேன். மகள் யாழினிக்குக் காலேஜ் பஸ் பாஸ். இட்லி மாவு புளித்துப் போய்விட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

அக்காவிடம் கையெழுத்து வாங்க அம்பத்தூர் போனேன்.

வடிவு சால்டர்ஸ் என்பது என் அக்கா வடிவாம்பாள்தான். மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. விற்றுவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உலைக்கு முன்னால் போய் நின்றாள். வெள்ளீயக் கட்டிகளை உருக்கி, கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்து, கம்பியாக இழுத்துச் சுற்றித் தருகிறாள். அந்தக் கம்பியை உருக்கித்தான் எங்கள் பலகைகளில் பாகங்களைப் பற்ற வைக்கிறோம். பதினோரு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். என்னைப் பொறியியல் படிக்க வைத்ததும் அந்தப் பட்டறைதான்.

போனபோது எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம்தான் அங்கே மூத்த ஆள், மாமா காலத்திலிருந்து இருக்கிறாள். "வா கண்ணு, மத்தி மீன் கொழம்பு. ஒரு வாய் துன்னு பாரு" என்று தட்டை நகர்த்தினாள்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நான் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

"என்னடி இது, வருஷா வருஷம்?"

"சும்மா ஒரு பார்மாலிட்டிக்கா."

"சரி. குழம்பு எடுத்துட்டுப் போ. யாழினிக்குப் பிடிக்கும்."

கச்சாப்பொருள் கிடங்கின் போட்டோ ஒன்றையும் இணைக்க வேண்டும். எப்போதும்போல ஆயுத பூஜைப் படத்தையே வைத்தேன். அந்தப் பட்டறை சுத்தமாக இருப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அடுக்கிய கட்டிகள், ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ. பார்க்க லட்சணமாக இருக்கும்.

இந்த டைரியும் அக்கா கொடுத்ததுதான். ஒவ்வொரு ஜனவரியும் வாடிக்கையாளர்களுக்கு அச்சடிப்பாள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் 'வடிவு சால்டர்ஸ், அம்பத்தூர்' என்று இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இந்த வருடம் ஆய்வாளர் ஒருவரை அனுப்புகிறார்களாம். குலுக்கல் முறையில் பத்துப் பேரை எடுத்து நேரில் போய்ப் பார்ப்பார்கள். பட்டியல் வந்தது. ஏழாவது பெயர் வடிவு சால்டர்ஸ்.

அது என் அக்கா என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்தபோது, சப்ளையர்களில் என் உறவினர் யாரும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அப்போது யாரும் இல்லைதான். பிறகு வடிவு சால்டர்ஸ் பெயரை நானே சப்ளையர் பட்டியலில் சேர்த்தபோது அந்தத் தாளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

அக்காவின் படிவத்தில் எழுதியிருக்கும் உருக்காலையைச் சரிபார்த்தேன். அது மூடி மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பெயரை முதலில் யார் போட்டார்கள் என்று இப்போது கிளறுவதில் பிரயோஜனம் இல்லை.

அக்காவுக்கு போன் செய்தேன்.

"வெள்ளீயம் எங்கக்கா வாங்குற?"

"பாரிமுனைல ஒரு ஆளு. மாமா இருந்தப்பவே அவருதான். ஏன்?"

"அவருக்கு எங்கேருந்து வருது?"

"அது எனக்கு எப்படிடி தெரியும்? நீ கேக்கச் சொன்னா கேக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த நேரத்தில் கேட்டால் விபரீதமாகிவிடும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. யாழினியும் நானும் அம்பத்தூரில்.

கிடங்கைக் கழுவிவிட்டிருந்தார்கள். பூங்காவனம் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டியாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் பொட்டு வைக்காத ஒரு கட்டியைக் குனிந்து பார்த்தேன். உருக்காலையின் முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அரத்தால் வழித்து எடுத்திருந்தார்கள். அடுத்ததிலும் அப்படியே.

"பூங்காவனம், பொட்டு சின்னதா இருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா அப்புங்க" என்றேன். அழகாக இருக்குமே என்றுதான்.

சுண்டல் நன்றாக இருந்தது. அக்கா எனக்கும் யாழினிக்கும் ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 14, திங்கள்

ஆய்வாளர் பெயர் ரெஹானா பர்வீன். வாணியம்பாடிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அதட்டல் கிடையாது, அவசரம் கிடையாது. இப்படிப்பட்டவர்களிடம்தான் பயப்பட வேண்டும். நானும் கூடப் போனேன். அக்கா என்னை "வாங்க மேடம்" என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

ரெஹானா கிடங்கில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அம்மா, பூஜை போட்டது. துடைச்சுப் பார்க்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்று கேட்டார்.

"இதுல என்னம்மா தப்பு? இருங்க, நானே தொடைக்கிறேன்" என்று அக்கா முந்தானையை நனைத்துத் துடைத்தாள்.

ரெஹானா அந்த வழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஐந்து வருடத்துப் போட்டோக்களை எடுத்து வரிசையாக மேஜையில் வைத்தார். ஐந்திலும் சந்தனம். ஐந்திலும் அதே இடத்தில்.

"அஞ்சு வருஷமா முத்திரை மறைஞ்சிருக்கும்மா."

அக்கா சிரித்துவிட்டாள். "சாமி கும்பிட்டா பொட்டு வைக்க மாட்டாங்களா? நெத்தின்னு அந்த இடத்துலதான் வைப்போம்."

"அப்ப படிவத்துல இந்த உருக்காலைப் பேரை யாரும்மா எழுதினது?"

அக்கா படிவத்தைப் பார்த்தாள். அதை அவள் படித்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தாள். நான் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றாள்.

"இங்கிலீஷ்ல இருக்கே?"

"ஆளை வச்சு எழுதினேன். யாருன்னு ஞாபகம் இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். அப்படித்தான் நடந்தது.

போகும்போது அக்கா, "இவ்வளவு கேக்கறீங்களே, அந்தச் சுரங்கத்துல அப்படி என்னம்மா நடக்குது?" என்று கேட்டாள். ரெஹானா தன் போனில் ஒரு படம் காட்டினார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஒரு பெண் கல் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கரையில் ஒருவன் துப்பாக்கியுடன். அக்கா கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அக்டோபர் 16, புதன்

ரெஹானா என் இடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ரெண்டு வழி இருக்கு. தெரியாம நடந்த தப்புன்னா அவங்களுக்குத் தொண்ணூறு நாள் அவகாசம் கொடுக்கலாம். வேற இடத்துல வாங்கிச் சரி பண்ணிக்கட்டும். வேணும்னே பொய் எழுதினாங்கன்னா பட்டியல்லேருந்து எடுத்துடணும். மத்த கம்பெனிகளுக்கும் பேர் போயிடும்."

நான் தலையாட்டினேன்.

"அந்தம்மா எழுதலைன்னு எனக்குத் தோணுது. உங்க ஆபீஸ்ல யாராவது நிரப்பிக் கொடுத்திருந்தா, ஒரு வரி எனக்கு எழுதுங்க. அப்ப தப்பு இங்கதான். அவங்களுக்குத் தொண்ணூறு நாள் கிடைச்சுடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன்."

ஒரு வரிதான். எழுதினால் என் வேலை போகும். என் கணவர் கதிரேசனுக்கு வேலை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. யாழினிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. அக்காவுக்கு வேறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அக்கா எப்படியும் சமாளிப்பாள். எதைத்தான் அவள் சமாளிக்கவில்லை?

அக்டோபர் 18, வெள்ளி

மதியம் இரண்டு மணி நேரம் நெட் வேலை செய்யவில்லை. பிறகு வந்துவிட்டது. மெயில் எதுவும் அனுப்பவில்லை. மழை.

அக்டோபர் 24, வியாழன்

வடிவு சால்டர்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம்: வேண்டுமென்றே தவறான தகவல்.

மேலாளர் சுந்தரவரதன் சார் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "நம்ம சிஸ்டம் எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு பாருங்க. மங்கையர்க்கரசி மேடம் டீமுக்குக் கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். மைசூர்பாகு கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அக்கா வீட்டிலிருந்து அதிரசம் வரவில்லை. யாழினி, "பெரியம்மா மறந்துட்டாங்களாம்மா?" என்றாள். வேலை அதிகமாக இருக்கும் என்றேன்.

அக்காவிடம் வாங்கும் மற்ற இரண்டு கம்பெனிகளும் ஆர்டரை நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

நவம்பர் 9, சனி

இனியும் போகாமல் இருக்க முடியவில்லை. போனேன்.

பட்டறையில் ஆள் இல்லை. உலை அணைந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து ஈயம் உருக்கும் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பதினோரு பேரையும் அனுப்பிவிட்டாளாம். பூங்காவனம் போகும்போது சந்தனக் கிண்ணத்தைக் காட்டி, "என்னாலதாம்மா எல்லாம். இவ்ளோ அப்பியிருக்கக் கூடாது" என்று அழுதாளாம்.

சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். அதுக்காகத்தானே நான் சொன்னேன். அத விடு."

"உனக்கு என் மேல கோவம் இல்லையா?"

சுரண்டுவதை நிறுத்தினாள்.

"கோவமா? ஏன்டி, அஞ்சு வருஷம் என்கிட்ட கையெழுத்து வாங்கினியே, அந்தக் கேள்வி எதுக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னியா? பார்மாலிட்டின்னே. அந்தப் பொண்ணு முதுகுல புள்ளையக் கட்டிக்கிட்டுத் தண்ணில நிக்குது. அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்குடி."

"அது நம்ம ஈயந்தான்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

"இல்லன்னு சொல்ல முடியுமா?"

அக்கா சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருந்தா நான் அந்த ஆள்கிட்ட வாங்கியிருப்பேனா? வேற எடத்துல வாங்கியிருப்பேன். கெடைக்கலைன்னா அப்பவே மூடியிருப்பேன். உனக்கு நான் படிக்காதவ. சொன்னாப் புரியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

அவள் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. மாமா இறந்த அன்றுகூட உலையை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். இன்று அழுதாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "கை கரியா இருக்கு" என்று இழுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, "அந்த ஃபாரம் தமிழ்ல இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "தமிழ்ல எழுதி அனுப்பு. அஞ்சு காப்பி." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தபால்லயே அனுப்பு. நீ கொஞ்ச நாளைக்கு வராத" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

நாள் முழுக்க உட்கார்ந்து படிவத்தைத் தமிழில் எழுதினேன். மொத்தம் ஒன்பது கேள்வி. ஐந்து வருடமாக நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்புகிறேன், ஒரு கேள்வியைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்று இன்றுதான் தெரிந்தது. நான்காவது கேள்வி: 'இந்த உலோகத்தைத் தோண்டியவர்கள் யாருடைய மிரட்டலுக்கும் ஆளாகாமல் வேலை செய்தார்கள் என்பதை நீங்கள் எவ்வாறு அறிந்தீர்கள்?' இதற்கு அக்கா பெயரில் நான் எழுதியிருந்த பதில்: 'பொருந்தாது'.

யாழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து படித்தாள். "நல்ல கேள்விம்மா" என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நவம்பர் 28, வியாழன்

ரெஹானாவுக்கு எழுதிவிட்டேன், சுந்தரவரதன் சாருக்கும் பிரதி போட்டு. படிவத்தை ஐந்து வருடமும் நிரப்பியது நான். உருக்காலைகள் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரை எடுத்துப் போட்டது நான். இந்த வருடம் சந்தனத்தை அதிகம் அப்பச் சொன்னதும் நான், முத்திரை இல்லை என்று பார்த்த பிறகு. வடிவாம்பாள் என் கூடப் பிறந்த அக்கா.

மேலே அக்டோபர் 11-ல் 'அழகாக இருக்குமே என்றுதான்' என்று எழுதியிருக்கிறேன். பொய். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 2, திங்கள்

ரெஹானா போன் செய்தார். "எழுதினதுக்கு நன்றி மேடம். பதிவு பண்ணிக்கறேன். ஆனா அந்த யூனிட் லைசென்சை அவங்களே ஒப்படைச்சுட்டாங்க, உங்க மெயில் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி. இல்லாத கம்பெனிக்கு எப்படி அவகாசம் கொடுக்கறது?"

மூணு நாள்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்றைக்கு வேலை போகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கதிரேசன், "பார்த்துக்கலாம், போயிட்டு வா" என்றார்.

சுந்தரவரதன் சார் கதவைச் சாத்தினார். "எதுக்கும்மா இப்ப இதெல்லாம்? முடிஞ்சு போன விஷயம். வெளில தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்?" என்றார். ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஒரு பக்கம்கூட இல்லை. அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். "அடுத்த வருஷப் படிவத்துக்கு வேலையை ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அதே நாற்காலி. அதே கம்ப்யூட்டர். இதற்காகவா பயந்தேன்? இந்த அரைப் பக்கத் தாளுக்காகவா அக்காவைப் பலி கொடுத்தேன்?

பாத்ரூமில் போய் அழுதேன். வேறெங்கே அழுவது?

ஜனவரி 3, வெள்ளி

புது டைரி வரவில்லை. பழையதின் கடைசியில் 'குறிப்புகள்' என்று சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. இதில் எழுதுகிறேன்.

பூங்காவனத்துக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறதாம். நேரில் போய் என்னால்தான் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும் கண்ணு. நீதானே நல்லா அப்பச் சொன்ன" என்றாள். அக்காவிடம் அதை அவள் சொல்லவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஜனவரி 9, வியாழன்

ஆபீஸ் முகவரிக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. அக்காவின் கையெழுத்து. உள்ளே நான் தமிழில் எழுதி அனுப்பிய படிவங்கள், ஐந்தும், வருடத்துக்கு ஒன்றாக. ரெஹானாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருப்பதாக மேலே குறித்திருந்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பேனாவை அழுத்தி, பிழையில்லாமல் நிரப்பியிருந்தாள்.

வெள்ளீயம் எந்த உருக்காலையிலிருந்து வந்தது? தெரியாது.

எந்த நாட்டில் தோண்டப்பட்டது? தெரியாது.

விற்றவரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தோண்டியவர்கள் யாருடைய மிரட்டலுக்கும் ஆளாகாமல் வேலை செய்தார்கள் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்? அறியவில்லை. ஒரு படம் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்தால் எனக்கு எழுதவும்.

அடியில் கையெழுத்து. வடிவாம்பாள். அதற்கும் கீழே ஒன்பதாவது கேள்வி. ஆங்கிலப் படிவத்தில் அதை நான் எப்போதும் காலியாக விட்டுவிடுவேன். 'இப்படிவத்தை நிரப்ப உதவியவர் பெயரும் உறவும்.'

யாரும் இல்லை, என்று எழுதியிருந்தாள். ஐந்திலும்.